நாகர் பிறப்பும் மானிடப் பிறப்பும்

(தம்மப் பாடம்)



பழைய தொண்டை நாட்டின் வடபகுதியில், வேங்கடத்திற்குத் தெற்கே, இப்பொழுது ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருப்பது பாலசமுத்திரம். தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் ஊர்ப்புறம் அது. இப்பக்கத்து ஊர்களில் ஏரிக்கரையிலோ ஊர்ப் பொதுவிலோ அரசும் வேம்பும் பிணைந்து நிற்பதைக் காணலாம். அவற்றின் அடியில் ஒரு மேடை, மேடைமேல் நாகக்கற்கள். ஒன்றையொன்று பின்னிக்கொண்டு எழுந்து நிற்கும் இரண்டு பாம்புகளின் உருவம் அக்கற்களிற் செதுக்கப்பட்டிருக்கும். பிள்ளைப்பேறு வேண்டுவோர் அத்தகைய கல்லைச் செய்வித்து, சில காலம் நீரில் இட்டுவைத்து, பின்னர் அங்கே நட்டு, மரத்தைச் சுற்றி வருவர். தெலுங்கு வீட்டார் கார்த்திகையில் நாகுல சவிதியன்று புற்றுக்குப் பால் வார்ப்பர். பிள்ளை பிறந்தால் நாகப்பன், நாகம்மாள், நாகராஜன் என்று பெயரிடுவர்.

இத்தகைய ஊர் ஒன்றில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற குடும்பத்தார் நம்மிடம் ஒரு கேள்வி விடுத்தனர். மருமகள் வந்து ஐந்தாண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லை. “முற்பிறப்பிற் பாம்பைக் கொன்றவள், நாகதோஷம், கல் நட்டாலன்றித் தீராது” என்று அக்கம்பக்கத்தார் கூறுகின்றனர். மாமியாரோ, “சரணம் அடைந்தது உண்மைதான், ஆனால் ஊர்வாயை யார் மூடுவது?” என்கின்றார். மருமகள் ஒன்றும் பேசுவதில்லை. “நாகரைப்பற்றி நம் பகவான் ஏதேனும் சொல்லியிருக்கின்றாரா? சொல்லியிருந்தால் அதன்படி நடப்போம்” என்பது அவர்தம் கேள்வி.

பகவான் சொல்லியிருக்கின்றார். ஒரு முறையன்று, பல முறை சொல்லியிருக்கின்றார். நாகர் எவ்வாறு பிறக்கின்றனர், எக்காரணத்தாற் பிறக்கின்றனர், எதனை விரும்புகின்றனர் என்பனவெல்லாம் பாலி நூல்களில் விளக்கமாக உள்ளன. அவற்றை வரிசையாக நோக்குவோம். நாகர் உளரோ இலரோ என்னும் வாதத்தை ஈண்டு எழுப்ப வேண்டா. நூல் கூறும் பொருள் யாது, அதனால் நமக்கு விளையும் பயன் யாது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நால்வகைப் பிறப்பு

உயிர்கள் தோன்றும் வகை நான்கென்று மகாசீகநாத சூத்திரம் கூறுகின்றது. அவை முட்டையிற் பிறத்தல், கருப்பையிற் பிறத்தல், ஈரக்கசிவிற் பிறத்தல், தாமே தோன்றுதல் என்பன. பாலியில் இவற்றை அண்டஜம், ஜலாபுஜம், சம்சேதஜம், ஒபபாதிகம் என்பர். தமிழ்நாட்டு வழக்கில் வித்திற் பிறத்தலை எண்ணி நான்காக்குவர். பௌத்த நூல்கள் அதற்கு ஈடாகத் தாயும் தந்தையுமின்றித் தாமே தோன்றும் பிறப்பை எண்ணுகின்றன.

சம்யுத்த நிகாயத்தில் நாக சம்யுத்தம் என்றே ஒரு பகுதி இருக்கின்றது. நாகர் இந்நான்கு வகையாலும் பிறக்கின்றனர் என்று அது தொடங்குகின்றது. நாகம் என்ற ஒரே இனத்துள் முட்டையிற் பிறந்த நாகரும் உளர். கருப்பையிற் பிறந்த நாகரும் உளர். ஈரத்திற் பிறந்தாரும், தாமே தோன்றினாரும் உளர். மேலும், இந்நான்கும் ஒப்பானவை அல்ல. முட்டையிற் பிறந்தாரினும் கருப்பையிற் பிறந்தார் மேலானவர். அவரினும் ஈரத்திற் பிறந்தார் மேலானவர். அனைவரினும் தாமே தோன்றினோர் மேலானவர் என்று படிமுறையும் கூறப்பட்டுள்ளது.

இப்பிறப்பு வருவதற்குக் காரணம் யாது? உடலாலும் வாக்காலும் மனத்தாலும் நன்மையும் தீமையும் கலந்து செய்தவர், நாகர் நீண்ட ஆயுளும் அழகும் இன்பமும் உடையவர் என்று கேள்வியுற்று, ‘நாமும் அவ்வாறு பிறக்கவேண்டும்’ என்று அவாவினால் அப்பிறப்பை அடைகின்றனர். கலந்த வினையும் அதன்மேல் எழுந்த ஆசையுமே நாகப் பிறப்பின் வித்து. நாகர் பிறருக்குப் பிறப்பை வழங்குவோர் என்று அங்கே ஓரிடத்தும் கூறவில்லை. அவர்தாமே தம் வினையாற் பிறந்தவர்.

2. பிறப்பின்படி வரும் ஆபத்து

நாகர்க்குப் பகைவர் கருடர். பாலியிற் சுபண்ணர் எனப்படுவர். அவர்களும் நால்வகையாற் பிறப்பவரே. சுபண்ண சம்யுத்தம் ஒரு வியப்பான நியதியைக் கூறுகின்றது. முட்டையிற் பிறந்த கருடன் முட்டையிற் பிறந்த நாகனை மட்டுமே தூக்கிச் செல்ல வல்லவன். கருப்பையிற் பிறந்த கருடனோ முட்டையிற் பிறந்த நாகனையும் கருப்பையிற் பிறந்த நாகனையும் பற்றுவான். ஈரத்திற் பிறந்த கருடன் மூவகை நாகரையும், தாமே தோன்றிய கருடன் நால்வகையினரையும் பற்றுவர்.

இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். பிறப்பினாலே உயர்வு தாழ்வு. மேற்பிறப்பினன் கீழ்ப்பிறப்பினனைப் பற்றலாம், கீழ்ப்பிறப்பினன் மேற்பிறப்பினனைத் தொடவும் இயலாது. இத்தகைய உலகம் ஒன்று உண்டு. ஆனால் அது நாகரும் கருடரும் வாழும் உலகம். அவ்வுலகிற் பிறந்தவர் அதனை உயர்ந்ததாகக் கருதினரா என்பதை அடுத்து வரும் இரண்டு வரலாறுகள் காட்டும்.

3. மறைக்க இயலாத காலங்கள்

விநயபிடகத்து மகாவக்கத்தில் உள்ள வரலாறு இது. ஒரு நாகன் தன் நாகப் பிறப்பை எண்ணி நாணினான், வெறுத்தான். விரைவில் மனிதனாவதற்கு வழி யாது என்று தேடினான். சாக்கிய முனிவரின் பிக்குகள் நல்லொழுக்கமுடையோர் என்று கண்டு, இளைஞன் உருவங்கொண்டு சென்று துறவு வேண்டினான். பிக்குகள் அவனுக்குத் துறவளித்தனர். விகாரையின் கடைசி அறையில் மற்றொரு பிக்குவுடன் அவன் தங்கினான். ஒருநாள் விடியலில் உடனிருந்தவர் எழுந்து உலாவச் சென்றார். தனித்திருக்கின்றோம் என்று நம்பி நாகன் அயர்ந்து உறங்கினான். அறை முழுவதும் பாம்புடலால் நிரம்பிற்று. சுருள்கள் சாளரங்களின் வழியாகவும் வெளியே வந்தன. திரும்பி வந்த பிக்கு கதவைத் திறந்து அலறினார்.

செய்தி பகவானுக்கு எட்டிற்று. அவர் நாகனை அழைத்து, நாகப் பிறப்பினர் இத்தம்ம விநயத்தில் வளர்ச்சியடையத் தக்கவரல்லர் என்று கூறி, பக்கந்தோறும் பதினான்காம் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் எட்டாம் நாளிலும் உபோசதம் காக்கும்படியும், அதனால் நாகப் பிறப்பினின்று நீங்கி விரைவில் மனிதனாகலாம் என்றும் வழிகாட்டினார். நாகன் அழுதுகொண்டே சென்றான். அதன்பின் பகவான் பிக்குகளை நோக்கி, நாகனுடைய உண்மை உருவம் இரண்டு காலங்களில் வெளிப்படும் என்றார்: தன் இனத்துப் பெண்ணுடன் கூடுங்கால் ஒன்று, நம்பி உறங்குங்கால் மற்றொன்று. பிறக்குங்காலும் தோலுரிக்குங்காலும் இறக்குங்காலும் சேர்த்து ஐந்தென்று உரைகாரர் கூறுவர்.

நாகர் எவ்வுருவமும் எடுக்கலாம். ஆனால் கூடலிலும் பிறப்பிலும் தம் இனத்தை மறைக்க இயலாது என்பது இதன் பொருள். இனம் என்பது அங்கே மெய்யாகவே உடலிற் பதிந்து கிடக்கின்றது.

அன்றுமுதல் துறவு வேண்டி வருவோனிடம், “நீ மனிதனா?” என்று கேட்பது விதியாயிற்று. இன்றும் தேரவாத சங்கத்தில் இக்கேள்வி கேட்கப்படுகின்றது. தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகளில் துறவுக்கு நிற்கும் இளைஞனை ‘நாகன்’ என்றே அழைக்கும் வழக்கமும் நிலவுகின்றது. நோய் உண்டா, கடன் உண்டா, யாருக்கேனும் அடிமையா, அரசுச் சேவகனா, பெற்றோர் இசைந்தனரா, இருபது வயது நிரம்பிற்றா என்பனவும் அவனிடம் கேட்கப்படுகின்றன. என்ன குலம் என்று கேட்கப்படுவதில்லை. மனிதனா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று விடை கிடைத்தபின், பிறப்பைப்பற்றிக் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை.

4. புற்றின்மேல் நோன்பிருந்த நாகராசன்

இனி, நம் அன்பர்களின் கேள்விக்கு நேர்விடையாக அமைந்த வரலாற்றைக் காண்போம். இது சம்பேய்ய ஜாதகம்.

அங்க நாட்டுக்கும் மகத நாட்டுக்கும் இடையே சம்பை என்னும் ஆறு ஓடிற்று. அதனடியில் நாகராசனின் மாளிகை இருந்தது. அக்காலத்தில் போதிசத்துவர் ஓர் ஏழைக் குடியிற் பிறந்திருந்தார். நாகராசனின் செல்வத்தைக் கண்டு அதனை விரும்பி, தானமும் சீலமும் செய்து உயிர்நீத்தார். விரும்பியவாறே நாகராசனின் மாளிகையிற் கட்டிலின்மேல் தாமே தோன்றினார். தோன்றியவுடன் தம் உடலைக் கண்டார். ‘இதற்காகவா நற்செயல் செய்தோம்!’ என்று மனம் நொந்தார். நாக கன்னி சுமனை அவருக்கு மனைவியானாள். செல்வத்திற்குக் குறைவில்லை. ஆயினும் அவர் மனம் அமைதி பெறவில்லை. உபோசத நாள்களில் மாளிகையை விட்டு மண்ணுலகுக்கு வந்து, எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றின் அருகே, பெருவழியை அடுத்த ஒரு புற்றின்மேற் சுருண்டு படுத்து நோன்பு காப்பாராயினர். ‘என் தோலை விரும்புவோர் தோலை எடுத்துக்கொள்க, ஆட்டிப் பிழைக்க விரும்புவோர் ஆட்டுக’ என்று உடலை உலகுக்கு விட்டுவிட்டார்.

வழிப்போக்கர் கண்டனர். ஊரார் வந்தனர். ‘இவர் பேராற்றல் உடைய நாகராசர்’ என்று எண்ணி, மேலே பந்தலிட்டு, சுற்றிலும் மணல் பரப்பி, நறுமணப் பொருள்களாற் பூசித்தனர். பின்னர் அவரிடம் பிள்ளைவரம் வேண்டத் தொடங்கினர். இச்செய்தி அந்த ஜாதகத்திலேயே இருக்கின்றது. இன்று நம்மூர் மேடையிற் காண்பதை அன்றே அந்நூல் எழுதிவைத்தது.

பின்னர் தட்சசீலத்திற் பாம்பு மந்திரம் கற்ற ஒருவன் அவ்வழி வந்தான். நாகராசர் மூச்சு விட்டால் அவன் சாம்பலாவான். எனினும் சீலம் கெடும் என்று அவர் கண்ணையும் திறக்கவில்லை. அவன் அவரைப் பிடித்து, துன்புறுத்தி, பெட்டியில் அடைத்து, ஊர்தோறும் ஆட்டி, இறுதியிற் காசி அரசன் உக்கசேனனின் முன் ஆட்டினான். கணவனைத் தேடி வந்த சுமனை அரசனிடம் முறையிட்டு மீட்டாள். விடுதலை பெற்ற நாகராசர் அரசனைத் தம் மாளிகைக்கு அழைத்துச் சென்றார்.

பொன்னும் மணியும் நாக மகளிரும் நிறைந்த மாளிகையைக் கண்ட அரசன் வியந்து, “இவற்றையெல்லாம் விட்டுப் புற்றின்மேல் எதற்காகத் தவங்கிடந்தீர்?” என்று கேட்டான். நாகராசர் கூறிய விடையின் பொருள் இது: பிள்ளைக்காகவும் அன்று, பொருளுக்காகவும் அன்று, நீண்ட ஆயுளுக்காகவும் அன்று, மானிடப் பிறப்பை வேண்டியே நோன்பிருந்தேன். தூய்மையும் அடக்கமும் மனிதர் உலகிலன்றி வேறெங்கும் கிட்டா. மனிதனாகப் பிறந்தால் பிறப்பு இறப்புக்கு முடிவு காண்பேன்.

அன்பர்காள்! புற்றின் கீழே நின்றவர், மேலே இருந்தவரிடம் பிள்ளை கேட்டனர். மேலே இருந்தவரோ பிள்ளைக்காகவன்று, கீழே நின்றவர்க்கு முன்னமே வாய்த்திருந்த மானிடப் பிறப்புக்காக நோன்பிருந்தார். வேண்டியவர் தம் கையில் இருந்ததை அறியவில்லை. நாகக்கல்லின் முன் நிற்கும் பௌத்தர் முதலில் நினைக்கவேண்டியது இதுவே.

5. நாக கன்னியர் பெற்ற மக்கள்

“நாகர் என்போர் பாம்புகள் மட்டுமோ? நம் தமிழ் நூல்களில் நாக நாடும் நாக கன்னியரும் வருகின்றனரே” என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

மணிமேகலையில் நாக நாட்டரசன் வளைவணனும் அவன் மனைவி வாசமயிலையும் பெற்ற மகள் பீலிவளை வருகின்றாள். அவள் சோழ மன்னனோடு ஒரு திங்கள் வாழ்ந்து, சொல்லாமல் நீங்கி, ஓர் ஆண்மகவை ஈன்றாள். மணிபல்லவத்துப் புத்த பீடிகையை வழிபட வந்தவள், அம்மகவைக் கம்பளச் செட்டியின் மரக்கலத்தில் தந்தையிடம் அனுப்பினாள். கலம் கவிழ்ந்தது. மகனைத் தேடிய மன்னன் இந்திர விழாவை மறந்தான்; புகாரைக் கடல் கொண்டது என்பது அக்காப்பியம் கூறும் வரலாறு.

தொண்டை நாட்டுக்கும் இத்தகைய தோற்றக் கதை உண்டு. சோழனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்த மகன் தொண்டைக்கொடி அணிந்து கடலலையில் வந்தான். அவனே திரையன் என்று நச்சினார்க்கினியர் உரையிற் காணலாம். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் வேலூர்ப்பாளையம் செப்பேடு, அக்குலத்து முன்னோனாகிய வீரகூர்ச்சன் நாகர் தலைவன் மகளைக் கைப்பிடித்து அரசுரிமையும் பெற்றான் என்று பெருமையோடு கூறுகின்றது. ஆக, பாலசமுத்திரம் அடங்கிய இந்நிலத்தை ஆண்டோர், நாகப் பெண்ணைத் தம் குலத்தாய் என்று சொல்லிக்கொள்ள நாணவில்லை.

மணிமேகலையிலேயே சாதுவன் என்னும் வணிகன் கலமுடைந்து நாகர் மலையில் ஒதுங்குகின்றான். அங்கிருந்தோர் ஆடையின்றி வாழ்ந்த மக்கள். அவர்தம் மொழியை அறிந்திருந்தமையால் அவன் உயிர் தப்பினான். அவர்தம் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தர முன்வந்தபோது மறுத்து, அறத்தை எடுத்துரைத்தான். தலைவன் கேட்டுத் திருந்தினான். மொழி பேசி, வாதம் கேட்டு, மனம் திருந்திய அவர்கள் மனிதரன்றி வேறு யார்? பாபாசாகேப் அம்பேத்கரும் நாகர் என்போரை இந்நாட்டு மக்களாகவே கொண்டார். 1956ஆம் ஆண்டு அக்டோபரில் தீட்சை பெற்றபோது நாகபுரியில் ஆற்றிய உரையில், பௌத்தத்தைப் பரப்பியோர் நாக மக்களே என்று எடுத்துரைத்தார்.

எனவே நூல்களில் நாகர் என்னும் சொல் இரண்டு பொருளில் வழங்குகின்றது. ஒன்று, நால்வகையிற் பிறக்கும் பாம்புடல் உயிர். மற்றொன்று, நம்மைப்போல் தாய் வயிற்றிற் பிறந்த மக்கள். இரண்டையும் பிரித்தறிவதற்குப் பகவானே ஓர் அளவுகோல் தந்துள்ளார். அதனை அடுத்துக் காண்போம்.

6. மனிதர்க்கு ஒரே பிறப்பு

சாவத்தியில் அஸ்ஸலாயனன் என்னும் பதினாறு வயதுப் பிராமண இளைஞன் பகவானிடம் வாதிட வந்தான். பிராமணரே பிரமனின் வாயிற் பிறந்த மேற்குலத்தார் என்பது அவன் வாதம். பிராமணப் பெண்களும் மாதவிலக்காகின்றனர், கருவுறுகின்றனர், ஈனுகின்றனர், பாலூட்டுகின்றனர். அவ்வயிற்றிற் பிறந்தவரே வாயிற் பிறந்தோம் என்பது எவ்வாறு பொருந்தும் என்று பகவான் வினவினார். மேலும் ஓர் உவமை கேட்டார். குதிரையும் கழுதையும் கூடினால் பிறப்பது கோவேறு கழுதை. தாய்க்கும் தந்தைக்கும் வேறான ஓர் உயிர். ஆனால் சத்திரிய இளைஞனும் பிராமணப் பெண்ணும் கூடிப் பெற்ற குழந்தை வேறொரு உயிராகத் தோன்றுகின்றதோ? இல்லை, தாயையும் ஒத்திருக்கின்றது, தந்தையையும் ஒத்திருக்கின்றது. இளைஞன் விடையின்றித் தலைகுனிந்தான்.

வாசெட்ட சூத்திரத்திலும் இதனையே பகவான் விரித்துரைத்தார். புல்லும் மரமும், பூச்சியும், நாற்காற் பிராணியும், நெடிய முதுகுடைய பாம்பும், மீனும், பறவையும் பிறப்பினாலேயே வெவ்வேறு அடையாளம் உடையன. மனிதரிடையே அத்தகைய அடையாளம் இல்லை. தலையிலும் இல்லை; கண்ணிலும் காதிலும் இல்லை; கூடலிலும் இல்லை. மனிதரைப் பிரிப்பது பெயர் வழக்கு மட்டுமே என்றார்.

இவ்வளவுகோலை இப்பொழுது வைத்துப் பார்க்க. நாக கன்னியும் சோழனும் பெற்ற மகன் அரசாண்டான். அவன் வழி தழைத்தது. ஆகவே அந்நாகர் மனிதரே. பழைய நூல் ஒருவரை நாகர் என்றதனாலோ, பிற்கால ஊர் ஒருவரைத் தீண்டத்தகாதவர் என்றதனாலோ பிறப்பு வேறாகிவிடாது.

இங்கே மற்றொன்றையும் காண்கின்றோம். ரிக் வேதத்துப் புருஷ சூக்தம் மனிதரை முகத்திலும் தோளிலும் தொடையிலும் பாதத்திலும் பிறந்தாராக நான்கு வகைப்படுத்தி, மேல் கீழ் வைக்கின்றது. நான்கு வகைப் பிறப்பு, நான்கு படிகள், மேற்படியினன் கீழ்ப்படியினனைப் பற்றலாம். இவ்வமைப்பைச் சற்றுமுன் எங்கே கண்டோம்? நாகரிடத்துங் கருடரிடத்தும் கண்டோம். நாகர்க்குரிய நியதியை மனிதர்மேற் சுமத்தியதே சாதி. நாகனோ அந்நியதியிலிருந்து தப்பி மனிதனாக அழுதான். நம் நாட்டு மனிதனோ மனிதனாகப் பிறந்தும் அந்நியதிக்குள்ளே புகுந்துகொண்டான்.

மனிதரிற் சிலரும் தாமே தோன்றுவதுண்டு என்று மகாசீகநாத சூத்திரம் கூறுகின்றதே எனின், அத்தகையோர்க்கும் பகவான் ஒரு குலத்தை வகுத்தாரில்லை. மாமரத்தடியிற் கண்டெடுக்கப்பட்ட அம்பபாலியை உரைகாரர் அவ்வாறு பிறந்தவள் என்பர். அவளும் விலைமகளாக வாழ்ந்து, பின் தேரியாகிச் சங்கத்தில் மற்றப் பெண்களோடு ஒருத்தியாகவே இருந்தாள்.

7. கண்ணாற் காணும் பாம்பு

நூலில் வரும் நாகரை விட்டு, புற்றில் வாழும் பாம்பையும் நோக்குவோம். கல்லிற் செதுக்கிய இணைப் பாம்புகளைச் சாரையும் நாகமும் கூடுவதாக நம் மக்கள் கூறுவர். சாரை ஆண், நாகம் பெண் என்பர். அஃது உண்மையன்று. சாரை ஓர் இனம். நல்லபாம்பு வேறோர் இனம். இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வயல் வரப்பில் இரண்டு சாரைகள் உடலை முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்பதைப் பெரும்பாலும் கூடல் என்று எண்ணுகின்றோம். அவை இரண்டும் ஆண்களாக இருந்து, இனப்பெருக்கக் காலத்தில் ஒன்றையொன்று தரையில் அழுத்த முயலும் போராட்டமே அது. பிள்ளைவரத்திற்கு அடையாளமாகக் கொண்டாடும் காட்சி பல வேளைகளில் மற்போராக இருக்கின்றது.

நல்லபாம்பு 10 முதல் 30 வரை முட்டையிடும். ஏறத்தாழ இரண்டு திங்களிற் குஞ்சு வெளிப்படும். கண்ணாடி விரியனோ குட்டிகளாகவே ஈனும். புற்றை எழுப்புவது கரையான். பாம்பு அதில் ஒதுங்குவது எலிக்காகவும் குளிர்ச்சிக்காகவும். பால் பாம்பின் உணவன்று. பட்டினியும் தாகமும் இட்டுப் பால் குடிக்கச் செய்த பாம்புகள் பல மடிகின்றன. பாம்பை வணங்குகின்றோம் என்று சொல்லி அதனைத் துன்புறுத்துவது முதல் சீலத்திற்கே மாறானது. பிடிப்பதும் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

8. கருவுறுதற்குக் காரணம்

மகாதண்காசங்கய சூத்திரத்திற் பகவான் கருவுறுதற்கு மூன்று காரணம் கூறினார். தாயும் தந்தையும் கூடல் ஒன்று. தாய் கருவுறும் காலத்தில் இருத்தல் ஒன்று. பிறக்கவேண்டிய உயிர் வாய்த்தல் ஒன்று. மூன்றும் பொருந்தினால் கரு நிற்கும். ஒன்று குறைந்தால் நில்லாது. இம்மூன்றில் நாகமும் இல்லை, கல்லும் இல்லை, தோஷமும் இல்லை. தாயை மட்டும் அவர் குறிக்கவில்லை. தந்தையையும் உடன் வைத்தார் என்பதைக் குறித்துக்கொள்க.

இன்றைய மருத்துவமும் அவ்வாறே காண்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் இத்தடையை அடைகின்றனர். இஃது அரிதான சாபமன்று, பரவலான உடற்குறை. அத்தகைய இணையரில் ஏறத்தாழப் பாதியளவில் ஆணிடமும் குறை காணப்படுகின்றது. ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருவுறாவிடில் இருவரும் சேர்ந்து மருத்துவரை நாடவேண்டும். கணவனுக்குரிய முதற் சோதனை எளியது, நோவில்லாதது. அதனைச் செய்துகொள்ளாமல் மனைவியை மட்டும் மரஞ்சுற்ற அனுப்புவது அறமன்று. அரசமரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பெண்ணை நகையாடும் பழமொழி நம்மிடம் உண்டு. சுற்ற அனுப்பியவரை நகையாடும் பழமொழி இல்லை.

9. நாம் செய்யத்தக்கது

முதலாவது, நம் வீட்டு மருமகளைக் குற்றவாளியாக்கலாகாது. முற்பிறப்பிற் பாம்பைக் கொன்றாள் என்று அறிந்து சொல்ல வல்லவர் ஊரில் எவருமில்லை. அறியாததை அறிந்ததுபோற் கூறுவது நான்காம் சீலத்திற்கு இழுக்கு.

இரண்டாவது, நாம் கல் நடவேண்டா. பிறர் நட்ட கல்லைப் பெயர்க்கவும் வேண்டா, இகழவும் வேண்டா. அண்டை வீட்டுத் தாயின் கண்ணீரும் அக்கல்லின்மேல் விழுந்திருக்கின்றது. கேட்டால் சம்பேய்ய நாகராசனின் வரலாற்றைச் சொல்வோம். கேளாவிடில் நம் வாழ்க்கையாற் காட்டுவோம்.

மூன்றாவது, அரச மரத்தடி நமக்கும் உரியது. பகவான் போதியடைந்தது அம்மரத்தடியிலேயே. அங்கே செல்வோர் பிள்ளை வேண்டிச் சுற்றாமல், சிறிது நேரம் அமர்ந்து மைத்திரி பாவனை செய்யலாம். பாம்பு கடித்து ஒரு பிக்கு இறந்தபோது, நான்கு பாம்பரச குலங்களின்மேலும் அன்பு பரப்புமாறு பகவான் போதித்தார். அதுவே கந்த பரித்தம். வணங்கச் சொல்லவில்லை, கொல்லச் சொல்லவில்லை. அன்பு பரப்பச் சொன்னார். கடித்துவிட்டாலோ, மந்திரிப்போரை நாடாது உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நான்காவது, நாகராசன் செய்ததைச் செய்வோம். உபோசத நாளில் எட்டுச் சீலங் காப்போம். பயன் பிள்ளையென்று எண்ணியன்று. கிடைத்த மானிடப் பிறப்பு வீணாகாமைப் பொருட்டு.

ஐந்தாவது, மருத்துவத்தாலும் பிள்ளை வாய்க்காவிடில், பெற்றோரில்லாக் குழந்தையைச் சட்டமுறைப்படி தத்தெடுக்கலாம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் பௌத்தர்க்கும் பொருந்தும். அக்குழந்தையின் குலம் யாது என்று கேட்கவேண்டா. மனிதக் குழந்தைதானே என்ற ஒரு கேள்வி போதும். அதற்கு விடை கண்முன் இருக்கும். இதுவும் வேண்டா எனில், பிள்ளையின்றி வாழ்வதும் குறைவன்று.

கேள்வி விடுத்த குடும்பத்தாருக்கு நாம் கூறும் விடை இதுவே. அம்மா, உம் மருமகளை மரத்தடிக்கு அனுப்பாதீர். மகனையும் மருமகளையும் சேர்த்து மருத்துவரிடம் அனுப்பும். வரும் பௌர்ணமியில் அவளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு நீரும் சீலம் எடும். ஊர்வாய்க்கு அஞ்சவேண்டா, நாகராசன் பெற விரும்பி நோன்பிருந்த பிறப்பு உம் வீட்டில் முன்னமே இருக்கின்றது.

பாட வினாக்கள்

1. நாகர்க்குரிய நால்வகைப் பிறப்பு யாவை? அவற்றின் படிமுறை எவ்வாறு கூறப்பட்டுள்ளது?

2. நாகனின் உண்மை உருவம் எக்காலங்களில் வெளிப்படும்? துறவு வேண்டுவோனிடம் “நீ மனிதனா?” என்று கேட்பது ஏன்?

3. சம்பேய்ய நாகராசன் நோன்பிருந்ததன் நோக்கம் யாது? ஊரார் அவனிடம் வேண்டியது யாது?

4. கோவேறு கழுதையின் உவமையால் பகவான் விளக்கியது யாது?

5. கருவுறுதற்குரிய மூன்று காரணங்கள் எவை? அவற்றிலிருந்து கணவன் கற்கவேண்டியது யாது?